அவள் எழுந்து போன நேரத்தில்

கேள்வி: எனக்கு 39 வயது, மனைவிக்கு 35. கோவையில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம். மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். என் அம்மா எங்களோடு இருக்கிறார். சென்ற வருடம் பெங்களூரில் ஒரு நண்பன் வீட்டில் அவனும் அவன் மனைவியும் போர்டு கேம் ஆடுவதைப் பார்த்தேன். செல்போனைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசி ஆடினார்கள். எங்கள் வீட்டில் ராத்திரி ஆளுக்கொரு போன்தான். இதை மாற்ற வேண்டும் என்று கட்டான், கார்கசோன், டிக்கெட் டு ரைட், பேண்டமிக் என்று வரிசையாக வாங்கினேன். யூடியூபில் பார்த்து விதிகளை நானே சொல்லிக் கொடுத்தேன். ஆரம்பத்தில் ஆர்வமாகத்தான் இருந்தாள். கார்கசோனில் என்னை ஜெயித்திருக்கிறாள். இப்போது கூப்பிட்டால், “நீங்களே ஆடுங்க, நான் பாக்குறேன்” என்கிறாள். உட்கார்ந்தாலும் கவனம் இருப்பதில்லை. பாலுக்கு உறை ஊற்ற, அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க, பையனுக்குப் போர்த்திவிட என்று நடுநடுவே எழுந்து போகிறாள். ஆட்டம் நிற்கக் கூடாதே என்று அவள் முறையையும் நானே ஆடிவிடுவேன். இவ்வளவு முயற்சி எடுத்தும் அவள் ஒத்துழைக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. பெண்களுக்குப் பிடிக்கிற மாதிரி எளிதான விளையாட்டு ஏதாவது உண்டா? இவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: யாருடைய அம்மாவுக்கு மாத்திரை, தம்பி?

நீங்கள் கேட்டது விளையாட்டைப் பற்றி. அதற்கும் வருகிறேன். ஆனால் போகிறபோக்கில் எழுதிவிட்ட அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மேசையில் அட்டை விரித்திருக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்ளே உங்களைப் பெற்றவர் ராத்திரி மாத்திரைக்குக் காத்திருக்கிறார். எழுந்து போவது உங்கள் மனைவி. எது சாப்பாட்டுக்குப் பின், எது படுக்கும்முன் என்று பார்த்துப் பிரித்து, வெந்நீரோடு கொடுத்து, “கால் வலி தேவலையா அத்தை” என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு அவர் திரும்புவதற்குள் நீங்கள் அவருடைய முறையை ஆடி முடித்திருக்கிறீர்கள். தன் காய் எங்கே நிற்கிறது என்று அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கவனமின்மை என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் கவனமாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. சாமான் மட்டும்தான் மாறும். ஒருவர் ஜோடியாக பேட்மிண்டன் மட்டை வாங்கியிருப்பார், இன்னொருவர் மாடித் தோட்டத்துக்குப் பை பையாக மண் இறக்கியிருப்பார். கணவர் சாமான் வாங்குவார், மனைவி அதற்கு நேரம் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், ‘நான் எவ்வளவோ முயற்சி எடுத்தேன்’ என்று எனக்குக் கடிதம் வரும்.

கூட்டுக் குடும்பமே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். அம்மாவைக் கூட வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் பெற்றவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது பிள்ளையின் வேலை. மருமகள் செய்தால் அது அவருடைய நல்ல மனசு. கடமை உங்களுடையது, தாலி கட்டின கையோடு அதை இன்னொருவர் தலையில் இறக்கிவிட முடியாது. உங்கள் அம்மாவுக்கு எத்தனை மாத்திரை, என்ன நிறம் என்று இப்போது கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? கட்டானில் ஒரு நகரம் கட்ட எத்தனை கோதுமை, எத்தனை தாது வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள்.

சரி, விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அங்கேயும் நீங்கள் தப்ப முடியாது.

பேண்டமிக் வைத்திருக்கிறீர்கள். மேட் லீகாக் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 2008-ல் வந்தது. நான்கு நோய்கள் உலகம் முழுக்கப் பரவுகின்றன, அந்த வரைபடத்தில் நம்ம சென்னையும் ஒரு புள்ளி. ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எதிரி இல்லை. எல்லோரும் சேர்ந்து ஜெயிப்பார்கள், இல்லாவிட்டால் சேர்ந்து தோற்பார்கள். இப்படிச் சேர்ந்து ஆடுகிற விளையாட்டுகளுக்கென்றே ஊரறிந்த ஒரு வியாதி உண்டு. விதி நன்றாகத் தெரிந்த ஒருவர், ‘நீ கொல்கத்தா போ, அந்த அட்டையை அவரிடம் கொடு’ என்று மற்றவர்களின் ஆட்டத்தையும் தானே ஆடிவிடுவார். மற்றவர்கள் அவர் சொல்கிற இடத்துக்குக் காயைத் தள்ளும் கைகளாக மிஞ்சுவார்கள். அந்த விளையாட்டில் டிஸ்பேச்சர் என்று ஒரு பாத்திரம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்தவர் காயை நகர்த்துவதுதான் அவருடைய சிறப்புத் தகுதியே. அவர்கூடக் காய்க்குச் சொந்தக்காரரைக் கேட்டு, அவர் சம்மதித்தால்தான் நகர்த்தலாம் என்று விதிப் புத்தகம் சொல்கிறது. நீங்கள் எந்த விதியைப் பார்த்து, சமையலறையில் உறை ஊற்றிக்கொண்டிருந்தவருடைய காயை நகர்த்தினீர்கள்?

கட்டானின் கதை இன்னும் வேடிக்கை. அடிப்படைப் பெட்டி 3 அல்லது 4 பேருக்கானது. பெட்டி மேலேயே போட்டிருக்கும். நீங்கள் ஆடப்போவதோ இருவர். வாங்குமுன் உங்கள் மனைவியிடம் காட்டியிருந்தால் அவர் படித்துச் சொல்லியிருப்பார். காட்டவில்லை. விதியையும் அவர் படிக்கத் தேவையில்லாமல் நீங்களே யூடியூபில் பார்த்துவிட்டீர்கள். எதை வாங்குவது, எப்படி ஆடுவது, எப்போது ஆடுவது, கடைசியில் அவர் முறையை எங்கே வைப்பது என்பதுவரை எல்லா முடிவும் உங்களுடையது. அவர் ஆடுவதற்கு இதில் என்ன மிச்சம் இருக்கிறது? “நீங்களே ஆடுங்க, நான் பாக்குறேன்” என்று அவர் சொன்னது கோபம்கூட இல்லை. நடந்துகொண்டிருப்பதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

அந்தக் கட்டானை 1995-ல் கொண்டுவந்த கிளாஸ் டாய்பர் ஜெர்மனியில் பல் கட்டுகிற தொழிலில் இருந்தவர். விளையாட்டை வீட்டில் செய்து, மனைவி பிள்ளைகளோடு ஆடிப் பார்த்துத் திருத்தித் திருத்திக் கொண்டுவந்தார். அவர் காலத்து ஜெர்மன் விளையாட்டுகள் பலவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. நம்ம வீடுகளில் ஆடிய பிசினஸ் ஆட்டத்தில், பணம் தீர்ந்தவன் மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். இவற்றில் அப்படி யாரையும் பாதியில் வெளியே அனுப்புவதில்லை. பின்தங்கியவரும் கடைசிவரை மேசையில் இருப்பார். இரண்டு பேர் ஆடுகிற ஆட்டத்தில், அதிலும் ஒருவரை வெளியே அனுப்பிய பெருமை உங்களுக்கு.

‘பெண்களுக்குப் பிடிக்கிற மாதிரி எளிதானது’ என்கிறீர்கள். கார்கசோனில் உங்களை ஜெயித்தவருக்கா எளிதானது? பிரான்ஸின் தெற்கே இருக்கும் ஒரு கோட்டை நகரத்தின் பெயரில் 2000-ல் வந்த விளையாட்டு அது. சாலை, கோட்டை, வயல் என்று சதுர அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். கையில் இருக்கும் சின்ன மர மனிதர்கள் ஏழே பேர். வயலில் ஒருவனைப் படுக்க வைத்தால் ஆட்டம் முடியும்வரை அவன் திரும்ப மாட்டான், அவனுக்கான புள்ளியும் கடைசியில்தான். எந்த ஆளை எப்போது எங்கே முடக்குவது, எவனைக் கையில் வைத்துக்கொள்வது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார். வேலைக்கும் போய்க்கொண்டு, உறையும் மாத்திரையும் போர்வையும் தவறாமல் நடத்துகிறவருக்கு இந்தக் கணக்கு கைவராமல் போனால்தான் ஆச்சரியம். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பறவைகளை வைத்து விங்ஸ்பேன் என்று 2019-ல் ஒரு விளையாட்டு வந்தது. உருவாக்கியவர் எலிசபெத் ஹார்கிரேவ் என்ற பெண். ஜெர்மனியில் அனுபவப்பட்ட ஆட்டக்காரர்களுக்கான பிரிவில் அந்த வருட விருது அதற்குத்தான். நீங்கள் தேடுகிற ‘எளிதான’ அலமாரியில் அது கிடைக்காது.

பெங்களூர் நண்பர் வீட்டில் இரண்டு மணி நேரச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தைப் பார்த்தீர்களா? பாத்திரம் யார் கழுவினார்கள், பிள்ளையை யார் தூங்க வைத்தார்கள், அடுப்படி விளக்கை யார் அணைத்தார்கள் என்று அந்த நண்பரைக் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை காலியாகி வந்து உட்கார்ந்திருந்தால் மட்டுமே அந்தச் சிரிப்பு வரும். கல்யாணத்தன்று குடத்துக்குள் கையை விட்டு மோதிரம் தேடச் சொல்வார்களே, அநேகமாக நீங்கள் இருவரும் சமமாக ஆடிய கடைசி ஆட்டம் அதுவாக இருக்கும். அப்போது யாரும் அவரை நடுவில் எழுப்பி மாத்திரை எடுக்க அனுப்பவில்லை.

என்ன செய்யலாம் என்றுதானே அடுத்த கேள்வி? இன்று முதல் உங்கள் அம்மாவின் ராத்திரி மாத்திரை உங்கள் பொறுப்பு. மருந்துச் சீட்டை எடுத்து நீங்களே படியுங்கள், பெட்டியில் நாள்வாரியாகப் போட்டு வையுங்கள், தீரும்முன் வாங்கி வாருங்கள். கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். மருமகள் கையால் வாங்கிப் பழகியவர் முதலில் கூச்சப்படுவார், “அவ எங்க?” என்று கேட்பார். கேட்கட்டும். பாலுக்கு உறை ஊற்றவும் கற்றுக்கொள்ளுங்கள், பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு ஸ்பூன் தயிர், அவ்வளவுதான், இதற்கு யூடியூப் வேண்டாம். முக்கியமாக, இதையெல்லாம் செய்துவிட்டு, ‘இப்போ ஃப்ரீதானே, வா ஆடலாம்’ என்று போய் நிற்காதீர்கள். அது வேலை செய்ததற்குக் கூலி கேட்பது. அந்த நேரத்தில் அவர் போனைப் பார்த்தால் பார்க்கட்டும். நாள் முழுக்க யாரும் எதுவும் கேட்காத அரை மணி நேரம் அவருக்கு அதுவாக மட்டும் இருக்கலாம். சீக்கிரம் படுத்துத் தூங்கினால் இன்னும் நல்லது.

சில வாரம் கழித்து, கேட்கத் தோன்றினால், ஒரே ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். விளையாட்டு அவருக்குப் பிடிக்காமலே போயிருக்கலாம், அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. சரி என்றால் பெட்டியையும் விதிப் புத்தகத்தையும் அவர் கையில் கொடுங்கள். அவர் படித்து உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ‘அது அப்படி இல்லைம்மா’ என்று நடுவில் வாயைத் திறக்காதீர்கள், தப்பாகவே சொன்னாலும் அன்றைக்கு அதுதான் விதி. நடுவில் யாராவது எழுந்து போனால் ஆட்டம் நிற்கும். நின்றால் என்ன? அட்டை ஊசிப்போகிற சாமானா?

பேண்டமிக்கை இப்போதைக்கு மேலே தூக்கி வையுங்கள், உங்கள் வியாதிக்கு அது ஆகாது. இருவருக்கென்றே செய்ததுதான் வேண்டுமென்றால் இரண்டு சொல்கிறேன். ஒன்று பேட்ச்வொர்க். துணித் துண்டுகளை 9-க்கு 9 கட்டத்தில் ஒட்டுப் போட வேண்டும். பணத்துக்குப் பதில் பட்டன்கள். காலப் பாதையில் யார் பின்னால் இருக்கிறாரோ அவருக்கே முறை, அவர் உங்களைத் தாண்டிப் போகும்வரை நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தையல் என்றதும் ‘ஆகா, பெண்களுக்கானது’ என்று குதிக்காதீர்கள், வடிவமைத்த ஊவே ரோசன்பெர்க் ஆண்பிள்ளை.

இன்னொன்று உங்களுக்கு மருந்து மாதிரி. ஸ்கை டீம், 2023-ல் வந்தது, மறு வருடம் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது. ஒருவர் விமானி, ஒருவர் துணை விமானி, விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்க வேண்டும். ஆளுக்கு நான்கு பகடை, அவரவர் மறைப்புக்குப் பின்னால் உருட்ட வேண்டும். உருட்டும் முன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். உருட்டிய பிறகு, பகடையெல்லாம் வைத்து முடியும்வரை ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. விமானத்தின் சமநிலைக்கும் இன்ஜினுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஆளுக்கொரு பகடை வைத்தே ஆக வேண்டும். அவருடைய இடத்தில் உங்களுடையதை வைக்க முடியாது. விமானி நாற்காலியை முதலில் அவருக்குக் கொடுங்கள்.

உங்கள் மகனையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள், டிக்கெட் டு ரைட் அவன் வயதுக்குத் தாராளமாக ஆடலாம். அம்மாவிடம் தாயம் ஆடத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் நான்கு பெட்டியையும் மூலையில் வைத்துவிடுவார்.

மேலே சொன்ன இரண்டையும் உடனே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். உங்களைத் தெரியும், இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்முன் போனை எடுத்திருப்பீர்கள். அந்தப் பணத்தை உங்கள் மனைவி கையில் கொடுங்கள், எது வேண்டும் என்று அவர் முடிவு செய்யட்டும். இரண்டையும் வாங்காமல் தனக்கு ஒரு செருப்பு வாங்கிக்கொண்டு வந்தால், நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.