கணவருக்கு பி.ஆர். வந்தால் நமக்கும் வந்துவிடுமா?

உங்கள் கேள்வி இதுதான்: கணவர் ஜெர்மனியில் ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்கு வேலைக்காகத் தரும் அனுமதி) வேலை செய்கிறார், நீங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது, அடுத்த வருடம் அவர் பி.ஆருக்கு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) விண்ணப்பம் போடும்போது கூடவே உங்களுக்கும் கொடுத்துவிடுவார்களா, இல்லை நீங்கள் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா.

கொடுக்க மாட்டார்கள் மா. தனியாகத்தான் செய்ய வேண்டும்.

நானும் உங்களைப் போலத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் (நேரில் வரச் சொல்லும் நாளும் நேரமும்) கிடைத்த அன்று நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடவே போனேன். அவர் ஃபைலுக்கு மேலே என் பாஸ்போர்ட்டையும் வைத்தேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் என் பக்கம் நகர்த்திவிட்டு, "டாய்ச்?" என்று, அதாவது ஜெர்மன் மொழி தெரியுமா என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த டாய்ச், கடையில் பை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்குத்தான்.

விஷயம் என்னவென்றால், ப்ளூ கார்டுக்கு உள்ள சலுகைக் கணக்கு அந்தக் கார்டு வைத்திருப்பவருக்கு மட்டும்தான். உங்கள் கணவர் ஜெர்மன் மொழியில் பி1 (நடுத்தர நிலை) முடித்திருந்தால் 21 மாதத்தில் போடலாம், ஏ1 (ஆரம்ப நிலை) மட்டும் இருந்தால் 27 மாதம். உங்கள் கையில் இருப்பது குடும்பத்தோடு சேர்வதற்கான அனுமதி. அதற்குக் கணக்கு வேறு. பொது விதிப்படி ஐந்து வருடம். 2024 மார்ச்சில் ஒரு குறுக்கு வழியும் வந்திருக்கிறது (என் காலத்தில் இல்லை, கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்). கணவர் ப்ளூ கார்டு வழியாகவோ திறன்சார் வேலை வழியாகவோ பி.ஆர். வாங்கிவிட்டார், உங்களுக்கு இந்த அனுமதி வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, நீங்களும் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்றால் அந்த மூன்று வருடம் முடிந்ததுமே போடலாம். வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த வழியைக் குறிவைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருட வழிக்கு 60 மாதம் பென்ஷன் கட்டணம் கட்டியிருக்க வேண்டும்; வேலைக்குப் போகாமல் அந்த வழியில் போகிறவர்கள் அதை நினைத்துப் பயப்படுவார்கள். சேர்ந்து வாழும் தம்பதியில் ஒருவர் கட்டியிருந்தால் போதும். ஆனால் அவருக்கு 60 மாதம் நிறைந்திருக்க வேண்டும், 21 மாதத்தில் பி.ஆர். வாங்கியதை இங்கே காட்ட முடியாது. குழந்தை வளர்ப்புக்காக வீட்டில் இருந்த காலத்தையும் கணக்கில் எடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

எந்த வழியில் போனாலும் பி1 கேட்பார்கள். நம்மில் பலர் விழுகிற குழி இதுதான். மற்ற விசாவில் வரும் மனைவிமார் ஊரிலேயே ஏ1 எழுதி பாஸானால்தான் பெரும்பாலும் விசா கிடைக்கும். ப்ளூ கார்டுக்காரர் மனைவிக்கு அந்தப் பரீட்சை கிடையாது. சலுகை என்று சந்தோஷமாக விமானம் ஏறுகிறோம். இங்கே வந்தால் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் எல்லாம் இங்கிலீஷ், பக்கத்து வீடு தமிழ். இரண்டு வருடம் எப்படிப் போனது என்றே தெரியாது. பி1 வரை கொண்டுபோகும் அரசின் முழு இன்டக்ரேஷன் கோர்ஸில் மொழிக்கு 600 பாட நேரம், நாட்டைப் பற்றி 100 பாட நேரம். வேலைக்குப் போய்க்கொண்டோ கைக்குழந்தையை வைத்துக்கொண்டோ அதை முடிப்பது சாதாரண விஷயம் இல்லை. நான் முடித்தது இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கனக்கக் கனக்க பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பேச்சுத் தேர்வில் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு நிகழ்ச்சிக்குத் திட்டம் போட வேண்டும். எனக்கு ஜோடியாக வந்த சிரியாக்காரர் எல்லாவற்றுக்கும் "ஆமாம், நல்ல யோசனை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் கேக்கிலிருந்து நாற்காலி வரை பேசித் தீர்த்தேன். அதனாலேயே எனக்கு பி1 வந்தது என்று இன்றும் நினைக்கிறேன். அந்தக் கோர்ஸின் இறுதித் தேர்வில் பேச்சில் பி1 வாங்கியாக வேண்டும், அதோடு எழுத்து அல்லது கேட்டல்-வாசித்தல் இரண்டில் ஒன்றில் வந்தால் போதும். ஆகவே வாயைத் திறந்து பழகுங்கள், இலக்கணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கோர்ஸிலேயே வரும் நாட்டறிவுத் தேர்வு அவ்வளவு பயமில்லை. 33 கேள்வி, அதில் மூன்று நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பற்றி. கேள்விகள் எல்லாம் முன்கூட்டியே வெளியிட்டதுதான். 17 சரியாகப் போட்டுவிட்டால் பின்னால் குடியுரிமைக்கும் அதே சான்றிதழ் உதவும்.

பணம் என்று பார்த்தால், குடும்பம் அரசு உதவித்தொகை இல்லாமல் ஓட வேண்டும். கிண்டர்கெல்டும் (குழந்தைக்கான உதவித்தொகை) எல்டர்ன்கெல்டும் (குழந்தை பிறந்ததும் பெற்றோருக்குத் தரும் தொகை) அந்தக் கணக்கில் வராது, அதை வாங்கினால் பி.ஆர். போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆளுக்கு 12 சதுர மீட்டர், அதற்குக் கீழே 10 என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் பரப்பளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இல்லாமல், வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்க மூன்று வாரம் அலைந்தேன்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் நாட்களை எண்ணிப் போங்கள். சாதாரண அனுமதி ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால் செத்துப்போகும், ப்ளூ கார்டு குடும்பத்துக்கு அது 12 மாதம். இன்னொன்று, குழந்தை இங்கேயே பிறந்து, அன்றைக்கு உங்களில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி இங்கே இருந்து பி.ஆரும் வைத்திருந்தால், குழந்தைக்குப் பிறப்பிலேயே ஜெர்மன் குடியுரிமை. 2024 ஜூன் வரை அது எட்டு வருடமாக இருந்தது. உங்கள் கணவர் பி.ஆரைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

கேட்க வாய் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பி.ஆர். வரும்வரை நம் அனுமதி கணவரோடு கட்டப்பட்டது. இங்கே மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு பிரிய நேர்ந்தால் தனியாக இருக்கும் உரிமை உண்டு. அடி உதை போன்ற கொடுமை இருந்தால் அந்த மூன்று வருடமும் பார்க்க மாட்டார்கள். உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன், தெரிந்த பெண்கள் யாருக்காவது தேவைப்படும்.

டெர்மின் கிடைக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இப்போதைய கார்டு முடிவதற்கு முன்னால் நீட்டிப்பு விண்ணப்பத்தை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும்.

உங்கள் கார்டின் பின்பக்கத்தில் எந்தச் சட்டப் பிரிவு போட்டிருக்கிறது, எந்த மாதம் கொடுத்தார்கள் என்று பார்த்து எழுதுங்கள். எந்த மாதம் போடலாம் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்கிறேன்.