கல்கத்தாவின் கிரேக்கர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் காளிகாட் கோயிலுக்குப் போயிருந்தேன். டிராம் பணிமனைக்கு அருகே, பருத்த தூண்களோடு ஒரு தேவாலயம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையுடையது என்றார்கள். கல்கத்தாவில் கிரேக்கர்களா? அலெக்சாண்டரோடு வந்து தங்கிவிட்டவர்களின் வழியினரா இவர்கள்? இன்று யாராவது மிச்சமிருக்கிறார்களா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

அலெக்சாண்டருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் 18ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி வந்த வணிகர்கள். அன்று கிரீஸ் என்று ஒரு நாடே கிடையாது, துருக்கி சுல்தானின் ஆட்சிதான். பலருக்குச் சொந்த ஊர் பிலிப்போபோலிஸ், இன்றைய பல்கேரியாவில் இருக்கிறது. மொழியும் சபையும்தான் அவர்களைக் கிரேக்கர்களாகக் கட்டி வைத்திருந்தன.

அவர்களில் முதன்மையானவர் ஹாஜி அலெக்சியோஸ் ஆர்கைரிஸ். ஜெருசலேம் யாத்திரை போய்வந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களும் அன்று பெயருக்கு முன் ஹாஜி என்று போட்டுக்கொண்டார்கள். 1770 வாக்கில் செங்கடல் பக்கம் போன கப்பல் ஒன்றில் இவர் மொழிபெயர்ப்பாளர். புயலில் சிக்கியபோது, உயிர் பிழைத்தால் கல்கத்தாவில் தேவாலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். அன்று வங்காளத்தை ஆண்ட ஆங்கிலேய ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் அனுமதியும் பெற்றுவிட்டார். ஆனால் 1777இல் டாக்காவில் இறந்துபோனார். 1781இல் கல்கத்தாவின் அமரத்தொல்லா தெருவில் தேவாலயம் எழுந்து அந்த நேர்ச்சை நிறைவேறியது. நீங்கள் பார்த்தது அதற்குப் பின் வந்தது, 1924இல் அடிக்கல் நாட்டியது.

எனக்கு இந்த வரலாற்றில் மனம் போய் நிற்கும் இடம் வேறு. பிள்ளைகள் கிரேக்கத்தை மறந்துவிடக் கூடாது என்று அந்த வணிகர்கள் 1786இல் ஒரு வாத்தியாரை வரவழைத்தார்கள். ஏதென்ஸில் பிறந்த திமித்ரியோஸ் கலானோஸ். ஆறேழு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1793இல் கையிலிருந்த சேமிப்போடு காசிக்குப் போய்விட்டார். அங்கே நாற்பது ஆண்டுகள், அந்தணர்போல உடுத்தி, பண்டிதர்களிடம் சமஸ்கிருதம் படித்தார். கீதையையும், பர்த்ருஹரி, காளிதாசன் கவிதைகளையும் கிரேக்கத்தில் பெயர்த்தார். 1833இல் காசியிலேயே இறந்தார். இந்த நூற்றாண்டின் பிளேட்டோ போய்விட்டார் என்று அவருடைய குரு முன்ஷி சீதள் சிங் அழுது எழுதியது அவர் கல்லறையில் இருக்கிறது. கையெழுத்துப் பிரதிகள் ஏதென்ஸுக்குப் போய் அச்சேறின. தாய்மொழி தேயாமலிருக்க அழைத்துவந்த மனிதர், அந்தத் தாய்மொழிக்கு காளிதாசனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அடுத்த அலை, கிரேக்கர்கள் வாழ்ந்த கியோஸ் தீவுக்காரர்கள். 1822இல் துருக்கிப் படை அந்தத் தீவைச் சூறையாடியது. பல்லாயிரம் பேரைக் கொன்றது, பல்லாயிரம் பேரை அடிமைகளாக விற்றது. உலகெங்கும் சிதறிய கியோஸ் குடும்பங்களில் ஒன்றுதான் ராலி. லண்டனில் கடை வைத்திருந்த ராலி சகோதரர்கள் 1851இல் கல்கத்தாவில் கிளை திறந்து சணல் வாங்கினார்கள். ஊரிலிருந்து இளைஞர்களைக் குமாஸ்தாக்களாக வரவழைத்தார்கள். நம் விவசாயிகளின் பூச்சிமருந்து டப்பாவில் ‘ராலிஸ்’ என்று பார்த்திருப்பீர்கள். அதே பெயர்தான், இன்று டாட்டா குழுமத்தில் இருக்கிறது.

யார் மிச்சம் என்று கேட்டீர்கள். அந்த வணிகக் குடும்பங்கள் போய்விட்டன. தேவாலயம் நெடுநாள் பூட்டிக் கிடந்து, 1991இல் கிரீஸிலிருந்து ஒரு பாதிரியார் வந்த பிறகு திறந்தது. இப்போது அங்கே ஜெபிப்பவர்கள் பெரும்பாலும் வங்காளிகள்.

மறுபடி போனால் பூல்பாகானில் இருக்கும் கிரேக்கக் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்வாருங்கள். டாக்கா வரை போக வாய்த்தால், பல்கலைக்கழக வளாகத்தில் கிரேக்கக் கோயில்போல மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கட்டடம் நிற்கும். உள்ளே சுவரில் பதித்த கல்லறைக் கல்வெட்டுகளில் சில கிரேக்கம், சில ஆங்கிலம். ஆர்கைரிஸ் இறந்த ஊர் அது.