வாகனப் பக்கம்: டபுள்கெப்புக்கு அடியில சத்தம்

கேள்வி: அண்ணன், எனக்கு வவுணதீவுப் பக்கம் வெள்ளாமை. வட்டைக்குப் போய்வர ஒரு பழைய 4 வீல் டபுள்கெப் வச்சிருக்கன். மாரி முடிஞ்சதில இருந்து 50க்கு மேல ஓடினா அடியில ஊ எண்டு ஒரே இரைச்சல். பின் டிபரன்சல் (பின் அக்சல் நடுவில இருந்து ரெண்டு வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கரப் பெட்டி) போயிட்டு, ரிகண்டிஷன் ஒண்டு எடுத்துப் போடுவம் எண்டு கராஜில சொல்றாங்க. போடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. ஒருத்தரும் இன்னும் ஒயிலைக் கூடத் திறந்து பார்க்கல்ல போல கிடக்கு, அதுக்குள்ள டிபரன்சல் மாத்துற கதை எதுக்கு?

முதல்ல வாகனம் குறைஞ்ச நேரான தார் றோட்டுல, செங்கலடி - பதுளை றோட்டு மாதிரி ஒரு துண்டுல, 60ல போகக்குள்ள கியரை நியூட்ரலுக்கு எடுத்து உருள விடுங்க. இஞ்சினை மட்டும் நிப்பாட்டிராதீங்க, பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிரும். இஞ்சின் வேகம் அடங்கியும் இரைச்சல் அப்பிடியே வந்தா இஞ்சின், கிளச் பக்கம் தேடத் தேவையில்ல. பிறகு கியர்ல போட்டு அக்சிலேட்டரை மிதிச்சும் விட்டும் பாருங்க. மிதிக்கக்குள்ள ஒரு சத்தம், விடக்குள்ள வேற சத்தம் எண்டா டிபரன்சல்ல சந்தேகம் வைக்கலாம். அக்சிலேட்டருக்கு மாறாம, ஸ்டியரிங்கை லேசா இடமும் வலமும் ஆட்டக்குள்ள கூடிக் குறைஞ்சா அது வீல் பெயாரிங். அனேகமா இடது பக்கம் வளைக்கக்குள்ள கூடினா வலது பக்கப் பெயாரிங், ஏனெண்டா பாரம் அந்தப் பக்கம்தான் சாயும். கிறவல் றோட்டுல சத்தம் காணாமப் போய் கார்பட் போட்ட தார் றோட்டுல ஏறின உடன வந்தா டயரையும் பாருங்க, சேத்து டயர் தேய்ஞ்சா டிபரன்சல் மாதிரியே இரையும். முன் டயரைப் பின்னுக்கு மாத்திப் போட்டா சத்தமும் இடம் மாறுதா எண்டு தெரிஞ்சிரும்.

ஆனா மாரிக்குப் பிறகு எண்டு நீங்க எழுதினதுதான் எனக்குப் பெரிய துப்பு. ஓடிச் சூடான டிபரன்சல் வெள்ளத்துல இறங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கும், வெளியில இருந்து இழுக்கப் பார்க்கும். அக்சலுக்கு மேல காத்து போய்வாற ஒரு சின்ன பிரீதர் மூடி இருக்கு, அது சேறு அடைச்சுக் கிடந்தா ஒயில் கசியாமத் தடுக்கிற சீலால தண்ணியை உறிஞ்சிரும். அதனால ஒயிலைப் பாருங்க. டிபரன்சல்ல ஒயில் வடிக்கிற கீழ் நட்டைக் கழட்ட முதல் ஒயில் ஊத்துற மேல் நட்டு கழருதா எண்டு கட்டாயம் பாருங்க, இல்லாட்டி ஒயிலை எல்லாம் வடிச்சுப்போட்டு திருப்பி ஊத்த வழியில்லாம நிக்க வேண்டி வரும். வாற ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துல இருந்தா தண்ணி போயிட்டு. நட்டுல காந்தம் இருந்தா அதுல சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒட்டிக் கிடக்கிறது வழமை, பயப்பட வேணாம், இரும்புத் துண்டு துண்டா இருந்தாத்தான் கராஜ்காரர் சொன்னது சரி. துண்டு இல்லையெண்டா வாகனப் புத்தகத்துல சொன்ன ஒயிலை, பெரும்பாலும் ஜிஎல் 5 தரம், மேல் ஓட்டை விளிம்பு வரை விட்டு கொஞ்ச நாள் ஓடி, திரும்ப ஒருக்கா மாத்துங்க. பிரீதர்ல ஒரு டியூப் மாட்டி உயரத்துக்கு எடுத்து விட்டா அடுத்த மாரிக்கு இந்தக் கரைச்சல் இல்ல.

கேள்வி: அக்கரைப்பத்துல இருந்து எழுதுறன். மழைக்கு 4எச் (நாலு வீலும் இழுக்கிற நிலை) போட்டு டவுனுக்குள்ள ஓடினா திருப்பங்கள்ல வண்டி இறுகுது, டக் எண்டு அடிக்குது. 2எச்சுக்கு (பின் வீல் ரெண்டும் மட்டும் இழுக்கிற நிலை) எடுக்கவும் வருதில்ல. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற ட்ரான்ஸ்பர் கேஸ் உடைஞ்சிட்டா?

பதில்: உடையல்ல, ஆனா இப்பிடியே ஓடினா உடையும். திருப்பத்துல முன் வீல் ரெண்டும் பின் வீலை விடக் கூடத் தூரம் சுத்தும், உங்கட மாதிரி வண்டிகள்ல நடுவில டிபரன்சல் இல்ல, அதனால 4எச்ல முன்னும் பின்னும் ஒரே வேகத்துல பூட்டுப்பட்டுக் கிடக்கும். சேத்துல, மணல்ல டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கும், தார்ல வழுக்க மாட்டாது, டிபரன்சலுக்குச் சுழற்சியைக் கொண்டு போற புரொப்பெலர் ஷாப்ட் முறுகி முறுகி ஒரு கட்டத்துல டயர் இழுபடும், அதுதான் அந்த டக். நேராக் கொஞ்சத் தூரம் ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு விட்டு 2எச்சுக்கு வரும். நடு டிபரன்சல் இருக்கிற, மிட்சுபிஷியின்ட சூப்பர் செலக்ட் மாதிரி வண்டிகளுக்கு மட்டும்தான் தார்ல 4எச் சரி. நேர் றோட்டுலயும் இறுகினா நாலு டயரும் ஒரே சைஸா, ஒரே அளவு தேய்ஞ்சிருக்கா எண்டு பாருங்க. முன்னுக்குப் புதுசும் பின்னுக்கு மொட்டையும் போட்டா இதே முறுக்குத்தான் வரும்.

கேள்வி: ஓட்டோ கியர்ல டி போடக்குள்ளயும் ரிவர்ஸ் போடக்குள்ளயும் அடியில டங் எண்டு இடிக்குது. மெதுவா ஓடினா கீச்சு கீச்சு எண்டும் கேக்குது. - திருக்கோவில்

பதில்: அது புரொப்பெலர் ஷாப்ட் நுனியில இருக்கிற மூட்டு, யூ ஜொயின்ட். வீலுக்குக் கட்டை வச்சு, நியூட்ரல்ல விட்டு, ஷாப்டைக் கையால முறுக்கிப் பாருங்க, ஜொயின்ட்ல ஆட்டம் தெரியும். ஜொயின்ட்டுட நாலு நுனியிலயும் இருக்கிற கப்பைச் சுத்திச் செங்கல் நிறத்துல துருப்பிடிச்ச தூள் கிடந்தா கிறீஸ் அடிச்சு மினக்கெட வேணாம், மாத்துங்க. கடல் காத்துப் பக்கம் நீங்க, அதனால கிறீஸ் அடிக்கிற நிப்பிள் இருந்தா நாலு கப்பாலயும் பழைய கிறீஸ் பிதுங்கி வரும் வரைக்கும் அடிக்கச் சொல்லுங்க. ரெண்டு கப்பால வந்து மத்த ரெண்டும் வராட்டி அந்தப் பக்கம் அடைச்சுப் போச்சு.