வாசகர் கேள்வி பதில்: துளை மறைந்தது, வலு வரவில்லை

கேள்வி: காரைக்குடியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். 6 மி.மீ. தடிமனுள்ள 6061-டி6 (வெப்பப் பதப்படுத்தலால் வலுவூட்டிய) அலுமினியத் தகடுகளைக் கல்லூரிப் பணிமனையின் மில்லிங் இயந்திரத்தில் ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் முறையில் இணைத்தோம். சுழலும் கருவிக்கு நிமிடத்துக்கு 700 சுற்று, 120 மி.மீ. நகர்வு என்று வைத்தபோது மேற்பரப்பு வழவழப்பாக இருந்தும் உள்ளே நெடுகத் துளை ஓடியது. 1600 சுற்று, 30 மி.மீ. என்று மாற்றியதும் துளை மறைந்தது. ஆனால் இழுவிசைச் சோதனையில் இணைப்பை ஒட்டிய இடத்திலேயே அறுந்துவிடுகிறது. காரணம் என்ன?

பதில்: இரண்டு இணைப்புகளுக்கும் வந்திருப்பவை நேரெதிரான கோளாறுகள். இம்முறையில் உலோகம் உருகுவதில்லை; கருவியின் தோள்பகுதி உரசுவதால் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி இளகுகிறது, நடுவிலுள்ள முனை அதைக் கிளறிப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆட்டுக்கல்லில் மாவு கெட்டியாக இருந்தால் குழவி கடந்த இடம் பள்ளமாகவே நிற்கும் அல்லவா? முதல் இணைப்பில் நடந்தது அதுதான்: ஒரு சுற்றுக்கு 0.17 மி.மீ. நகர்ந்த கருவி, உலோகம் போதுமான அளவு இளகி இடைவெளியை மூடுவதற்குள் கடந்துவிட்டது. இரண்டாவதில் ஒரு சுற்றுக்கு 0.02 மி.மீ. கூட நகரவில்லை, டி6 நிலைக்கு வலுவூட்டும் நுண்ணிய மக்னீசியம்-சிலிக்கான் துகள்கள், நெடுநேரம் தங்கிய வெப்பத்தால் பக்கவாட்டில் பருத்து வலுவிழந்தன. நன்கு அமைந்த இணைப்பிலும் மூலத்தகட்டின் முழு வலுவை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே 1000 சுற்று, 80 மி.மீ. போன்ற இடைநிலையிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் அழுத்த ஆழத்தை, அதாவது தோள் தகட்டுக்குள் அழுந்தும் ஆழத்தைச் சரிபார்ப்பது முக்கியம், ஏனெனில் சாதாரண மில்லிங் இயந்திரம் விசையைக் கட்டுப்படுத்தாது; தகடு ஓர் ஓரத்தில் சற்றே மேலெழுந்தாலும் தோளின் அழுத்தம் வழிநெடுக மாறும். முனையின் நீளம் 5.8 மி.மீ. அளவிலும், கருவியின் சாய்வு 2 டிகிரியிலும், தோளின் விட்டம் 18 மி.மீ. அளவிலும் இருக்கட்டும், அடியில் கனமான எஃகுத் தகடு வேண்டும்.

மூன்று காரணிகளை மும்மூன்று அளவுகளில் மாற்றிப் பார்க்கத் தேவைப்படும் 27 சோதனைகளுக்குப் பதிலாக, சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் டாகுச்சி முறையில் 9 செய்து முடிப்பது மாணவர்களிடையே வழக்கம். அந்தக் காரணிகளைத் தனித்தனியே ஒப்பிட அது போதும். ஆனால் இங்கே சுழற்சியும் நகர்வும் ஒன்றையொன்று சார்ந்தவை, அந்த உறவை 9 சோதனைகள் பிரித்துக் காட்டா. எனவே கணக்கு சொல்லும் சிறந்த அமைப்பில் மீண்டும் மூன்று இணைப்புகளாவது செய்து பாருங்கள். ஒவ்வொன்றையும் குறுக்கே அறுத்து மெருகிட்டு, சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் அமையும் பக்கத்தை முதலில் கவனியுங்கள். துளை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.