மிச்சிகனில் சொத்து வரி மறுஆய்வுக் குழுவுக்கு மாற்று உறுப்பினர்கள் எதற்கு?

"குழுவில்தான் மூன்று பேர் இருக்கிறார்களே, மாற்று ஆள் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும், அதாவது உள்ளாட்சிப் பகுதியிலும், 'போர்டு ஆஃப் ரிவியூ' என்ற மறுஆய்வுக் குழு உண்டு. வீட்டின் மதிப்பைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்று நினைப்பவர் மார்ச் மாதம் அதனிடம் முறையிடலாம்.

மூவரில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் மற்ற இருவரே கூட்டத்தை நடத்தலாம், அதற்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை இருக்கிறது. சிக்கல் அப்புறம்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றால் முடிவு எப்படி வரும்? சின்ன ஊர் வேறு. முறையிட வருபவர் ஓர் உறுப்பினரின் தம்பியாகவோ வியாபாரக் கூட்டாளியாகவோ இருக்கலாம். அப்போது அந்த உறுப்பினர் ஒதுங்கி நிற்பதுதான் நியாயம்.

இந்த இரண்டு நிலைமைக்காகவும்தான் ஊரை நிர்வகிக்கும் டவுன்ஷிப் போர்டு 2 மாற்று உறுப்பினர்கள் வரை நியமிக்கலாம் என்கிறது சட்டம். அவர்கள் அந்த ஊரில் சொத்து வரி கட்டுபவர்களாக இருக்க வேண்டும். நியமனமாகி 10 நாளுக்குள் பதவி உறுதிமொழி எடுக்க வேண்டும். பதவிக்காலம் மற்றவர்களைப் போலவே 2 ஆண்டு.

அவர்களை நியமிப்பது கட்டாயம் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால், குடியிருக்கும் வீட்டின் மதிப்பை எதிர்த்து மாநில வரித் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமென்றால், பொதுவாக முதலில் இந்தக் குழுவிடம்தான் முறையிட்டிருக்க வேண்டும். உங்கள் ஊரில் மாற்று உறுப்பினர்கள் இருக்கிறார்களா என்று டவுன்ஷிப் அலுவலகத்தில் மார்ச்சுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.