ஹனா-பி: வெட்டியது யார்? (கடிதம்)

அன்புள்ள சார்,

ஜப்பானிய இயக்குநர் கிடானோவின் 'ஹனா-பி' படம் பார்த்தேன். வன்முறைப் படம் என்றார்கள். அடிதடி எல்லாம் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. கதை முன்னும் பின்னும் தாவுகிறது. மனைவி வாயே திறப்பதில்லை. எனக்குக் கிடைத்தது தணிக்கையில் வெட்டிய பிரதியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

103 நிமிடம் ஓடியதென்றால் முழுப் பிரதிதான். வெட்டியவர் கிடானோ. படத்தொகுப்பும் அவர் கைவேலைதான்.

வழக்கமான சண்டையில் மூன்று துண்டுகள் இருக்கும்: கை ஓங்குவது, அடி விழுவது, ஆள் சாய்வது. கிடானோ நடுத்துண்டை உருவிவிடுவார், அல்லது கண் சிமிட்டும் நேரத்துக்குச் சுருக்குவார். மதுக்கடையில் நாயகன் நிஷி சாப்பாட்டுக் குச்சியை அடியாளின் கண்ணில் இறக்கும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முகத்தில் கோபம் ஏறுவதில்லை. (நிஷியாக நடித்ததும் கிடானோதான். 1994 மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது.) முன்னறிவிப்பு இல்லாததால், சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சியிலும் நமக்கு வயிறு இறுகுகிறது. வங்கிக் கொள்ளையோ கண்காணிப்பு கேமராவின் திரையில் சத்தமில்லாமல் நடந்து முடிகிறது.

கதை தாவுவதற்குக் காரணம் ஒரே ஒரு சம்பவம். நிஷி மருத்துவமனையில் மனைவியைப் பார்க்கப் போன நேரத்தில் சக போலீஸ்காரன் ஹொரிபே சுடப்படுகிறான், சக்கர நாற்காலியில் முடங்குகிறான். சுட்டவனைப் பிடிக்கப்போன இடத்தில் இன்னொரு இளம் காவலன் சாகிறான். அந்தக் கைகலப்பு துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. சுட்டவன் செத்துக் கிடந்தும் நிஷி அவனைத் தோட்டா தீரும்வரை சுடுவதை முதலிலேயே காட்டியிருந்தால் இது பழிவாங்கும் போலீஸ் கதையாகப் போயிருக்கும்.

நிஷியின் மனைவி மியுகிக்கு ரத்தப்புற்று. குழந்தையும் போய்விட்டது. கடற்கரையில் அவள் வாடிய பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். செத்த பூவுக்கு எதற்குத் தண்ணீர் என்று ஒருவன் கேலி பேச, நிஷி அவனை அடித்துத் துவைக்கிறான். இந்தப் படத்தில் ஒரு காதல் வசனம் உண்டென்றால் எனக்கு அது இதுதான். கடைசியில் அவள் சொல்வது 'அரிகதோ', 'கோமென் நே', அவ்வளவே. நன்றி, மன்னித்துவிடு. கேமரா கடல் பக்கம் திரும்பிவிடுகிறது. இரண்டு வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. அங்கேயும் நடுத்துண்டு இல்லை.

ஹனா பூ, பி நெருப்பு, சேர்த்தால் வாணவேடிக்கை. படத்தின் பெயரில் நடுவே கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்.

மறுபடி பார்ப்பதானால் பெரிய திரையில் பாருங்கள். ஹொரிபே வரைவதாக வரும் ஓவியங்கள் விபத்துக்குப் பிறகு கிடானோ வரைந்தவை. அதில் ஒன்று கைபேசியில் வெறும் பனிநிலமாகத்தான் தெரியும். கிட்டப் போனால் அது 'பனி', 'ஒளி' என்ற எழுத்துகளின் கூட்டம். நடுவே சிவப்பில், பெரிதாக, தன்னுயிரை மாய்த்துக்கொள்வதைக் குறிக்கும் சொல்.