சூளைப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பா, ஊர்ப் பள்ளியா?

கேள்வி: குமரி மாவட்டம் தோவாளைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கணக்கு பார்க்கிறேன். ஒடிசா, ஜார்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சூளையிலேயே தனி வகுப்பு வைக்கலாமா, ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? எங்கே இருந்தால் மேலே படிக்கும் ஆசை வரும்?

ஊர்ப் பள்ளியில் சேருங்கள். ஆனால் நீங்கள் கேட்கிற காரணத்துக்காக அல்ல. ஆசை தனி வகுப்பிலும் வரும். சொல்லப்போனால் அங்கேதான் கூடுதலாக வரும்.

நான் இந்தப் பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. சூளை வகுப்புகளுக்கும் போனதுண்டு. அங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் டாக்டர், போலீஸ், டீச்சர் என்று பளிச்சென்று பதில் வரும். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஜார்கண்ட் பையனோ கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஐடிஐ போலாம்னு இருக்கு டீச்சர்" என்பான். இதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா, ஊர்ப் பள்ளி ஆசையைக் குறைத்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறைவாகத் தெரியவில்லை. ஐடிஐ எங்கே இருக்கிறது, என்ன மார்க் வேண்டும், எந்த அண்ணன் அங்கே படிக்கிறான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். டாக்டர் என்று சொன்ன பிள்ளைக்கு அடுத்த வருடம் எந்த மாநிலத்தில் இருப்போம் என்பதே தெரியாது.

ஐரோப்பாவில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே அளவு மார்க்கும் வீட்டு வசதியும் உள்ள உள்ளூர்ப் பிள்ளைகளைவிட, வெளிநாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் படிப்பு ஆசை அதிகம். ஊரை விட்டுக் கிளம்பிய தாய் தகப்பன் பிள்ளையாவது மேலே வரட்டும் என்றுதானே கிளம்பினார்கள்! அப்படிப்பட்ட பிள்ளைகளே நிறைந்த பள்ளியில் இந்த ஆசை பலசமயம் குறையாமல் நிற்கிறது. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையோடு தன்னை ஒப்பிட்டுச் சுருங்கிப்போக அங்கே வாய்ப்புக் குறைவு. ஆனால் ஆசை வேறு, வழி வேறு. 1961இல் இரு நாடுகளும் போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியிலிருந்து ஏராளமான தொழிலாளர்கள் ஜெர்மனிக்குப் போனார்கள். அங்கே பல மாகாணங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, பத்து வயதில், பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். கீழ்வகைப் பள்ளிக்குப் போனவர்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள் அதிகம். அங்கிருந்து பல்கலைக்கழகம் போவது சுற்றுவழி.

"தனியாக இருந்தும் முன்னேறினோமே" என்று நம்மூரில் யாராவது சொல்லலாம். சரிதான். அப்போது இந்தப் பக்கத்தை ஆண்ட திருவிதாங்கூர் சர்க்கார் பள்ளிகளில் நுழைய முடியாத சாதிகளின் பிள்ளைகள் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் பள்ளிகளில்தான் எழுத்துப் படித்தார்கள். ஆனால் மயிலாடியில் 1809இல் சின்னதாகத் தொடங்கிய அந்தப் படிப்பு நாகர்கோவிலுக்கு வந்து, 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாகவே வளர்ந்துவிட்டது. தனிப் பள்ளிக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு இருந்தது. சூளை வகுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மழை ஓய்ந்ததும் வருகிறார்கள், ஜூன் தொடக்கத்து இடவப்பாதி மழை பிடிக்கும் முன்னால் கிளம்பிவிடுகிறார்கள். நமக்கோ பள்ளி தொடங்குவது ஜூனில்.

சூளை வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளில் ஒடியாப் பாடப்புத்தகம் வைத்தே சிறப்புப் பயிற்சி மையங்கள் நடந்திருக்கின்றன. நிச்சயமாக ஊருக்குத் திரும்பப்போகிற பிள்ளைக்கு அது நல்லதுதான், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். நாகர்கோவிலிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்ட குடும்பங்களின் கதை வேறு. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் "எனக்க புக்கு எங்க?" என்று நம்மைப் போலவே பேசும். ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாள் மலையாக நிற்கும். அப்புறம் ஒன்று: கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வேண்டுமானால் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் இந்த ஆறு முதல் பன்னிரண்டு கணக்கு உண்டு. நடுவில் ஊருக்குப் போய் வந்தால் அந்தக் கணக்கு அறுந்துவிடும். பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பள்ளி என்கிறோம், அதில் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. அந்தப் படித்த வீடுகளின் பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்கு மெட்ரிக் பள்ளி வேன் ஏற்றிக்கொண்டு போகிறது. மிச்சம் இருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், இப்போது வடநாட்டுப் பிள்ளைகள். யாரும் உத்தரவு போட்டுப் பிரிக்கவில்லை, வேன்தான் பிரித்தது. ஆகவே இங்கே சேர்த்தால் பிள்ளைகள் கலந்து வளர்வார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சான்றிதழ், காலை உணவு, எட்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கே போவது என்று சொல்ல ஒரு ஆள், இவை கிடைக்கும். என் கணக்கில் இதுவே பெரிது.

சேர்க்கும்போது ஆதார் இல்லை, டி.சி. இல்லை, ஜூன் தாண்டிவிட்டது என்று யாராவது திருப்பி அனுப்பினால் விட்டுவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை, டி.சி. வரத் தாமதம், இடையில் வந்தார்கள் என்ற காரணங்களுக்காகப் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் வைக்க வேண்டும். கல்வித் துறையின் தோவாளை வட்டார வள மையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கிளம்பும் மாதத்தில் டி.சி. வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புவது உங்கள் பொறுப்பு; கணக்குப் பார்ப்பவருக்குத்தான் யார் எப்போது கிளம்புகிறார்கள் என்று முதலில் தெரியும். முதலாளியிடம் ஒரு ஆட்டோவுக்கும் கேளுங்கள். சூளையிலிருந்து நான்குவழிச் சாலையைத் தாண்டிச் சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பப் பயந்துதான் பல அம்மாக்கள் பள்ளிக்கே விடுவதில்லை.